இரண்டாம் முறை வீடு பார்க்க வருகிறார்கள்: எந்தச் சாமான் உதவும், எது கெடுக்கும்

முதல்முறை வீடு பார்க்க வருகிறவர் கூடத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அவரே இரண்டாம் முறை வரும்போது கையில் அளவுநாடா இருக்கும். கூடவே கட்டட வேலை தெரிந்த ஒருவரோ, பணம் போடப்போகிற வீட்டுப் பெரியவரோ வருவார். அலமாரியைத் திறந்து பின்சுவரைத் தொட்டுப் பார்ப்பார்கள், எல்லாக் குழாய்களையும் திறந்துவிடுவார்கள், ஒவ்வொரு ஜன்னலையும் இழுத்துச் சாத்துவார்கள். வீடு பிடித்ததால்தான் திரும்ப வருகிறார்கள். வாங்கிய பிறகு தலையில் விழப்போகிற செலவு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்த வருகையின் வேலை.

இந்த வருகைக்கு விற்கிறவர் வீட்டைத் தயார் செய்ய ஹார்டுவேர் கடையில் என்னென்னவோ விற்கிறார்கள், பலவிதச் சேவைகளும் கிடைக்கின்றன. அவற்றை இரண்டே கேள்விகளால் எடை போட்டிருக்கிறோம். ஒன்று, குறையின் காரணத்தைச் சரிசெய்கிறதா, மேலே பூசி மூடுகிறதா? இரண்டு, அவர்கள் வந்து நிற்பதற்குள் காய்ந்து முடியுமா? இரண்டாம் வருகைக்குப் பெரும்பாலும் சில நாள் அவகாசம்தான் கிடைக்கும் என்பதால் இரண்டாவது கேள்வியும் முதல் கேள்விக்குச் சமமான முக்கியம் உடையது. பிராண்டு எதையும் சொல்லவில்லை, ஏனென்றால் இங்கே பிராண்டைவிட வகைதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

ஈரப்பத மீட்டர்: முதலில் வாங்க வேண்டியது

கூட வருகிற அனுபவசாலியின் பையில் இருக்கக்கூடிய கருவி இது. அவர் சுவரில் வைத்து என்ன எண்ணைப் பார்க்கப் போகிறாரோ, அதை விற்கிறவர் முன்னாலேயே பார்த்துவிடுவது நல்லது. இரண்டு வகை கிடைக்கிறது. ஊசி வகையில் இரண்டு முனைகளைச் சுவரில் குத்தினால், இடையில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து ஈரத்தைச் சொல்லும். ஊசியில்லாத வகையைச் சுவரில் ஒட்டிவைத்தால் போதும், மேற்பரப்புக்குப் பின்னால் சுமார் 2 செ.மீ. வரை உணரும், துளையும் விழாது. கண்ணில் படுகிற சுவருக்கு ஊசியில்லாதது, அலமாரிக்குள்ளும் கதவு நிலைக்கும் ஊசி வகை என்று பயன்படுத்தலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஊசி வகையை வாங்குங்கள்.

மீட்டர் வாங்குகிறவர்கள் தவறுவது எண்ணைப் படிப்பதில். திரையில் வரும் சதவீதம் மரத்துக்காக அளவிடப்பட்டது. உலர்ந்த வீட்டுக்குள் மரம் 8 முதல் 12 வரை காட்டும், 20-ஐத் தாண்டினால் உளுத்துப்போகும் ஆபத்து. பூச்சுச் சுவரில் அதே எண்ணுக்கு அந்தப் பொருள் கிடையாது. அங்கே ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். நிச்சயமாகக் காய்ந்த உட்சுவர் ஒன்றில் முதலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சந்தேகமான சுவரில் ஒவ்வொரு 20 செ.மீ.க்கும் ஓர் அளவு எடுங்கள். தரையோரம் அதிகமாக இருந்து மேலே போகப்போகக் குறைந்தால், ஓதம் கீழிருந்து ஏறுகிறது. ஓரிடத்தை மையமாக வைத்துச் சுற்றிலும் குறைந்தால் குழாய்க் கசிவு அல்லது மழைநீர். மூலையிலும் பெரிய அலமாரிக்குப் பின்னாலும் மட்டும் இருந்தால், காற்றோட்டம் இல்லாமல் சுவரில் வியர்த்த நீர்.

மீட்டர் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. சுவரில் உப்புப் பூத்திருந்தால் காய்ந்த சுவரும் ஈரமாகக் காட்டும். தகடு ஒட்டிய வால்பேப்பர், உள்ளே ஓடும் இரும்புக் குழாய், கம்பி எல்லாமே எண்ணை ஏற்றிவிடும். நேற்றுதான் பெயின்ட் அடித்த சுவரும் சில நாள் அதிகமாகவே காட்டும். அவசரமாகப் பூசிய சுவர்தான் சோதனையில் முதலில் மாட்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கறையை மறைக்கும் பிரைமரும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும்

கூரையில் பழைய கசிவு விட்டுப்போன பழுப்பு வட்டத்தின் மேல் சாதாரண எமல்ஷனை அடித்தால் என்ன ஆகும் என்பதைப் பலர் செலவழித்துக் கற்றுக்கொள்கிறார்கள். பெயின்டில் இருக்கும் தண்ணீர் கறையைக் கரைத்து மேலே கொண்டுவந்துவிடும். மூன்று கோட் அடித்தாலும் மஞ்சள் எட்டிப் பார்க்கும். இதற்கு அரக்கு அடிப்படையிலான, கறையைத் தடுக்கும் பிரைமர்தான் சரியான சாமான். வட்டத்துக்கு வெளியே 5 செ.மீ. தள்ளிவரை ஒரு கோட் அடித்தால் போதும், ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் மேலே எமல்ஷன் ஏற்றலாம். பிரஷைத் தண்ணீரில் கழுவ முடியாது, ஸ்பிரிட் வேண்டும். வாசனை கடுமையாக இருக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பை அணைத்துவிடுங்கள்.

இதை முழுமனதாகப் பரிந்துரைக்கிறோம், ஒரே ஒரு கண்டிப்பான நிபந்தனையோடு: கசிவு நின்று, சுவர் காய்ந்த பிறகுதான். ஈரத்தின் மேல் பூசினால் கொப்புளித்து உரியும். கசிவு நின்றதற்கு அத்தாட்சியாகப் பிளம்பர் கொடுத்த ரசீது இருந்தால், கறையைப் பூசாமலே விட்டுவிட்டு ரசீதைக் காட்டுவதும் ஒரு நல்ல வழி. முதல்முறை கறையைப் பார்த்துவிட்டுப் போனவர் இரண்டாம் முறை அது மாயமாகியிருப்பதைப் பார்த்தால், வீட்டில் வேறு எதையெல்லாம் மூடியிருக்கிறார்கள் என்று யோசிக்கத் தொடங்குவார். தெரிந்த குறையை மறைத்து விற்பது பல நாடுகளில் வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும்.

காயவைக்க, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரை வாடகைக்கு எடுக்கலாம். குளிரூட்டி வகை வெதுவெதுப்பான அறையில் நன்றாக வேலை செய்யும், சுமார் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் மந்தமாகிவிடும். குளிர்ந்த அறைக்கு, ஈரம் உறிஞ்சும் வேதிப்பொருளால் வேலை செய்யும் டெசிக்கன்ட் வகை கேளுங்கள். இயந்திரம் ஓடும்போது அறையின் ஜன்னலைச் சாத்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் வெளிக்காற்றின் ஈரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அறைக் காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் நிற்பது இலக்கு. ஆனால் மூன்று நாளில் அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். சிமென்ட் தளம் நல்ல சூழ்நிலையில் ஒரு நாளைக்கு 1 மி.மீ. கனம்தான் காயும் என்பது கட்டடக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. சுவருக்கும் வாரக்கணக்கில் ஆகும்.

சுவரில் வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷால் தேய்த்து, பொடியைக் கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து சுவருக்குள் போய்விட்டு, காயும்போது திரும்பவும் வெளியே வரும்.

சிலிக்கான்: சிறிய ட்யூப், பெரிய பலன்

குளியலறையைப் பார்க்கிறவர் கண் நேராகப் போவது தொட்டியும் சுவரும் சேருமிடத்தில் இருக்கும் அந்தக் கருத்த கோட்டுக்குத்தான். அந்த இடைவெளியை நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் போன்ற பசைதான் சிலிக்கான். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு மாற்றம் தருகிற வேறு சாமான் எங்கள் பட்டியலில் இல்லை. அதே சமயம் இவ்வளவு அசிங்கமாகச் செய்யப்படும் வேலையும் வேறில்லை.

முதலில் வகை. ட்யூபைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டாக்ஸி வகை. பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் நன்றாக ஒட்டும். பளிங்கு போன்ற இயற்கைக் கல்லில் பட்டால் கல் கெடும், சில உலோகங்களை அரிக்கும். கல் பதித்த குளியலறைக்கு நியூட்ரல் வகைதான், அதிலும் இயற்கைக் கல்லுக்கு ஏற்றது என்று ட்யூபில் எழுதியிருப்பதாகப் பார்த்து எடுங்கள், மற்றவை கல்லின் ஓரத்தில் எண்ணெய்க் கறைபோலப் படரலாம். எதுவானாலும் 'சானிட்டரி' என்று குறித்திருக்க வேண்டும், பூஞ்சணத்தைத் தடுக்கும் மருந்து அதில்தான் கலந்திருக்கும். 310 மி.லி. ட்யூப் ஒன்று, 6 மி.மீ. அகலமும் 6 மி.மீ. ஆழமும் உள்ள இடைவெளியில் எட்டரை மீட்டர் ஓடும். ஒரு குளியல் தொட்டிக்கு ஒன்றே தாராளம்.

பழைய சிலிக்கானின் மேல் புதிய சிலிக்கான் ஒட்டாது. வேலை கெடுவதற்குப் பத்தில் எட்டு முறை இதுதான் காரணம் என்போம். பழையதை பிளேடால் இருபுறமும் கீறி உரித்து, மிச்சத்தைச் சிலிக்கான் கரைப்பான் தடவி ஊறவிட்டுச் சுரண்டி எடுங்கள். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, முழு இரவு காயவிடுங்கள். பள்ளத்தில் ஈரம் மிஞ்சினால் புதுக் கோட்டின் அடியிலேயே மறுபடி கருக்கத் தொடங்கும்.

தொட்டியென்றால் அதில் தண்ணீரை நிரப்பிவிட்டுத்தான் பூச வேண்டும். ஆள் இறங்கிக் குளிக்கும்போது தொட்டி சிறிது அமிழும். காலித் தொட்டியில் பூசினால் முதல் குளியலிலேயே கோடு விரிந்து கிழியும். இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, முனையை 45 டிகிரியில் வெட்டி, நிறுத்தாமல் ஒரே இழுப்பில் ஓட்டுங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே ஒருமுறை வழித்துவிட்டு, உடனே டேப்பை எடுத்துவிடுங்கள். பத்து இருபது நிமிடத்தில் மேல்தோல் பிடித்துவிடும், அதற்குப் பிறகு டேப்பை இழுத்தால் ஓரம் பிய்ந்து வரும். உள்ளே வரை இறுக, நாளொன்றுக்கு 2 முதல் 3 மி.மீ. என்று கணக்கு. ஆகவே 6 மி.மீ. ஆழமுள்ள கோட்டுக்கு மூன்று நாள் வேண்டும். அதுவரை தொட்டித் தண்ணீரை இறக்காதீர்கள். அவர்கள் நாளை வருகிறார்கள் என்றால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். கருத்த பழைய கோட்டைவிட, பாதியில் நிற்கும் வேலையும் வினிகர் வாடையும் மோசமான சாட்சி.

கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலான விரிசலில் சிலிக்கானை அடைக்காதீர்கள். அதன் மேல் பெயின்ட் நிற்காது. அங்கே அக்ரிலிக் சீலண்ட்.

சுவர் விரிசலை அடைப்பதற்கு முன் அகலத்தை அளந்து பாருங்கள். 1 மி.மீ.க்குள் இருக்கும் மயிரிழை விரிசலைக் கீறி, பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து மூடலாம். 5 மி.மீ.யைத் தாண்டியதையோ, படிக்கட்டுபோலச் செங்கல் இணைப்பு வழியாகச் சாய்வாக ஏறுவதையோ பட்டியால் மூடுவது பெரும் தவறு. அதற்குக் கட்டமைப்புப் பொறியாளர் எழுதிக்கொடுக்கும் ஒரு பக்க அறிக்கைதான் மருந்து.

குழாய், சாக்கடை வாடை, ஃப்ளஷ் டேங்க்

சிட்ரிக் அமிலப் பொடி பற்றிச் சொல்ல நல்ல வார்த்தைகள் மட்டுமே இருக்கின்றன. அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் கரைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி ஷவர் தலையில் கட்டிவிட்டால் ஒரு மணி நேரத்தில் உப்புப் படிவு இளகிவிடும். குழாய் முனையில் இருக்கும் வலையையும் திருகிக் கழற்றி அதிலேயே போடுங்கள். தண்ணீர் வேகம் குறைவு என்று நினைக்கும் வீடுகளில் பலவற்றுக்கு இந்த வலை அடைப்புதான் காரணம், இரண்டாம் முறை வருகிறவர்கள் கட்டாயம் குழாயைத் திறந்து வேகம் பார்ப்பார்கள். பளிங்கிலும் சுண்ணாம்புக் கல்லிலும் ஒரு சொட்டும் படக் கூடாது. ப்ளீச்சோடு எந்த அமிலத்தையும் கலக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

பூட்டிக் கிடக்கும் வீட்டில் சாக்கடை வாடை வந்தால் வாசனைத் திரவியம் தேட வேண்டாம். தரை ஜாலிக்கும் வாஷ்பேசினுக்கும் அடியில் வளைந்த குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் வாடையைத் தடுக்கும் பூட்டு. அது ஆவியாகிவிட்டால் வாடை மேலே வரும். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு மூன்று கரண்டி எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது. செலவே இல்லாத வைத்தியம்.

ஃப்ளஷ் டேங்கில் உணவு நிறத்தைச் சில சொட்டு விட்டு இருபது நிமிடம் யாரும் தொடாமல் விடுங்கள். நிறம் கீழே கோப்பையில் தெரிந்தால் அடி வாஷர் கசிகிறது. வாஷரை மாற்றுவது சில நிமிட வேலை.

வாசனை, ஓசோன், வெளிச்சம்

அறை ஸ்ப்ரே, செருகிவைக்கும் வாசனைக் கருவி, மெழுகுவத்தி எல்லாவற்றுக்கும் எங்கள் மதிப்பெண் சுழியம். வாசனை தூக்கலாக இருந்தால் எதை மூடுகிறார்கள் என்ற கேள்விதான் எழும். ஓசோன் இயந்திரம் நுரையீரலுக்குக் கேடு, ரப்பரையும் கெடுக்கும், வாங்காதீர்கள். சிகரெட் வாடை சுவரில் படிந்த தாரிலிருந்து வருகிறது. சோப்பு நீரால் சுவரைக் கழுவி, காய்ந்ததும் மேலே சொன்ன அரக்கு பிரைமர் ஒரு கோட் அடித்தால்தான் போகும்.

பல்புக்குச் செலவழிக்கலாம். ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 2700 அல்லது 3000, சமையலறைக்கு 4000. ஒரே அறையில் இரண்டு நிறத்தைக் கலந்தால் சுவரே திட்டுத்திட்டாகத் தெரியும். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 90-க்கு மேல் இருந்தால் மரமும் துணியும் அவற்றின் நிறத்தில் தெரியும். பழைய 60 வாட் குண்டு பல்புக்கு ஈடாக 800 லூமென். முதல் வருகை பகலில் என்றால் இரண்டாவது மாலையில் இருக்கலாம், ஆகவே படிக்கட்டு, அலமாரி உள், வாசல் விளக்கு எல்லாம் எரிகின்றனவா என்று இருட்டிய பிறகு ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

கதவும் ஜன்னலும்

கிறீச்சிடும் கீலுக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு, பூட்டுத் துளைக்கு கிராஃபைட் பொடி. பூட்டுக்குள் எண்ணெய் விட்டால் தூசியைப் பிடித்து இறுகிவிடும். கதவு நிலையில் இடித்தால் இழைப்புளியை எடுக்குமுன் மேல் கீலின் திருகாணிகளை முறுக்கிப் பாருங்கள், பாதி வழக்கு அங்கேயே முடியும். துளை தளர்ந்திருந்தால் பசை தடவிய மரக்குச்சிகளைச் செருகி, காய்ந்ததும் முறித்துவிட்டுத் திருகுங்கள். நகரும் ஜன்னலின் அடிச்சட்டத்தில் தண்ணீர் வெளியேறச் சின்னத் துளைகள் இருக்கும். அவை மண் அடைத்திருந்தால் மழைநீர் உள்ளே வழியும், ஒரு கம்பியால் குத்திவிட்டால் போதும். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் பனி படிந்திருந்தால் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை, அந்தக் கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றலாம்.

சேவைகள்

விற்பனைக்கு முந்தைய வீட்டுப் பரிசோதனை நல்ல சேவை. கூரை, அஸ்திவாரம், வயரிங், குழாய் நான்கையும் படத்தோடு எழுதித் தருபவரை அமர்த்துங்கள், தானே பழுதுவேலையும் எடுத்துச் செய்கிறவரைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு விஷயம்: அறிக்கையில் வந்த குறை உங்களுக்குத் தெரிந்த குறையாகிவிடும், பல இடங்களில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அதற்காக அறிக்கையை வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். விலைபேசும்போது குறையை எதிர்த்தரப்பு கண்டுபிடிப்பதைவிட, விற்கிறவரே பழுதுச் செலவின் மதிப்பீட்டுத் தாளோடு எடுத்து வைப்பது பேச்சைச் சுருக்கும்.

அலங்காரத்துக்கு நாற்காலி, கட்டில் வாடகைக்குத் தரும் சேவையை இரண்டாம் வருகைக்கென்று புதிதாக எடுக்க வேண்டாம். முதல்முறைக்கு எடுத்திருந்தால் திருப்பி அனுப்பவும் வேண்டாம். அவர்கள் தங்கள் போனில் இருக்கும் படத்தையும் அறையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், சாமான்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வழக்கத்தைவிடச் சிறிய கட்டிலைப் போட்டு அறையைப் பெரிதாகக் காட்டும் நிறுவனங்களை விலக்குங்கள், அளவுநாடா வந்ததும் குட்டு வெளிப்படும்.

ஆழ்துப்புரவு செய்பவர்களிடம் புகைபோக்கி வடிகட்டி, அலமாரிகளின் மேற்பரப்பு, ஃபேன் இறக்கை, ஜன்னல் தண்டவாளம் ஆகியவற்றைப் பெயர் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். 'முழு வீடு' என்ற சொல்லில் இவை அடங்காது என்று பிறகு வாதம் வரும். முந்தைய நாள் காலையில் செய்தால் ரசாயன வாடை போக ஓர் இரவு கிடைக்கும்.

லேசர் அளவி, ஒரு கோப்பு

லேசர் தூர அளவி சில மி.மீ. துல்லியத்தில் அறையை அளந்துவிடும். நீளம், அகலம், உயரம், கதவு ஜன்னல் அகலம், ஃப்ரிட்ஜ் வைக்கும் மாடம் எல்லாவற்றையும் ஒரு தாள் வரைபடத்தில் எழுதி மூன்று பிரதி வையுங்கள். அளவு எடுக்கும்போது கருவியைச் சுவரோடு ஒட்டி நேராகப் பிடிக்க வேண்டும், சாய்ந்தால் கூடுதலாகக் காட்டும். வெயில் பட்ட வெள்ளைச் சுவரில் புள்ளி தெரியாது, ஒரு அட்டையைப் பிடித்துக்கொள்ளலாம்.

அதோடு கடைசி பன்னிரண்டு மாத மின்கட்டண, தண்ணீர்க் கட்டண ரசீதுகள், செய்த பழுதுகளின் ரசீது, உத்தரவாத அட்டைகள், வீட்டோடு விட்டுப்போகிற சாமான்களின் பட்டியல். திரைச்சீலைக் கம்பி முதல் தண்ணீர் சூடாக்கி வரை எழுதினால் பிற்பாடு மனஸ்தாபம் வராது.

அவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன் மின்பெட்டி, மீட்டர், மெயின் வால்வு, மாடி ஏணிக்கு முன்னால் இருக்கும் சாமான்களை நகர்த்துங்கள். மின்கசிவுத் தடுப்பு சுவிட்சில் இருக்கும் டெஸ்ட் பட்டனை முந்தைய நாளே ஒருமுறை அழுத்திப் பாருங்கள், சுவிட்ச் தானாக அணைந்து விழ வேண்டும். விழவில்லை என்றால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட இன்னும் ஒரு நாள் கையில் இருக்கும்.